கல்லும் காற்றும்: சமன் அங்கி வாங்கப்போகிறவர்களுக்கு

ஒரு பொருளுக்கு நாம் சூட்டும் பெயர், அப்பொருளிடமிருந்து எதை எதிர்பார்க்கிறோம் என்பதையும் சேர்த்தே தீர்மானித்துவிடுகிறது. ஸ்கூபா முறையில் முக்குளிப்பவர்கள், முதுகில் காற்றுச் சிலிண்டரைத் தாங்கிக்கொள்ளவும் நீருக்கடியில் மேலேறாமலும் கீழிறங்காமலும் நிலைகொள்ளவும் ஓர் அங்கியை அணிகிறார்கள். ஆங்கிலச் சுருக்கத்தில் அது பி.சி.டி. தமிழில் சொல்ல நேரும்போது 'மிதவைச் சட்டை' என்று சொல்லிவிடுகிறோம். இப்பெயரில் ஒரு பிழை இருக்கிறது. அந்தப் பிழை சொல்லோடு நின்றுவிடுவதும் இல்லை.

மிதவைச் சட்டை என்றதும் நம் மனத்தில் எழுவது ஆரஞ்சு நிற உயிர்காப்புச் சட்டைதான். 2015 டிசம்பரில், செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரும் பெருமழையும் சேர்ந்து அடையாற்றின் கரைகளை மூழ்கடித்த நாட்களில், மீட்புப் படகுகளில் நாம் பார்த்தது அதைத்தான். தரமான உயிர்காப்புச் சட்டை, நீந்தத் தெரியாதவரையும் நினைவிழந்தவரையும்கூட முகம் வானத்தைப் பார்த்திருக்கும்படி மிதக்கவைப்பதற்காகச் செய்யப்படுவது. முக்குளிப்பவரின் அங்கி அப்படி எந்த உறுதியும் தருவதில்லை. அணிந்தவர் நினைவிழந்தால் குப்புறவும் அவரை மிதக்கவிடக்கூடும். ஐரோப்பியத் தரவிதிகள் இரண்டையும் வெவ்வேறு பொருட்களாகவே வகைப்படுத்துகின்றன. முக்குளிப்பவரின் அங்கிக்குள் இருக்கும் காற்றுப்பையில் சிறிது காற்றை ஏற்றினால் உடல் மேலே எழும். சிறிது வெளியேற்றினால் கீழே இறங்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட புள்ளியில் உடலை நிறுத்துவதே அதன் வேலை. எனவே இக்கட்டுரையில் அதைச் சமன் அங்கி என்றே குறிப்பிடுகிறேன்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்தில் ஏரிகளுக்குக் குறைவில்லை, கடல்தான் தொலைவு. ஆனாலும் இங்குள்ள தொழிற்சாலைகளிலும் கணினி நிறுவனங்களிலும் பணிபுரியும் இளைஞர்கள் சிலர், விடுமுறையில் புதுச்சேரிக்கோ அந்தமானுக்கோ போய் முக்குளிப்புச் சான்றிதழ் பெற்றுத் திரும்புவதைக் காண்கிறேன். அடுத்த ஆண்டே அவர்களுக்கு ஒரு கேள்வி எழுகிறது. சொந்தமாக ஒரு சமன் அங்கி வாங்கலாமா? பயணத்துக்கென்று விற்கப்படும் எடை குறைந்த அங்கி போதுமா, அல்லது கனத்ததுதான் பாதுகாப்பானதா? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெதுவெதுப்பான நம் கடல்களுக்குச் சிறிய காற்றுப்பை கொண்ட, எடை குறைந்த அங்கி போதும். பெரும்பாலோருக்கு அதுவே ஏற்றதும் கூட. ஆனால் அங்கியின் எடையைக் குறைப்பதற்கு முன்னால், இடுப்பில் கட்டிக்கொள்ளும் ஈயத்தின் எடையைக் குறைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அதைக் கற்காதவருக்கு எந்த அங்கியும் உதவாது.

இவ்விடத்தில் மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பவர்களை நினைத்துக்கொள்வது பயன்தரும். அவர்களிடம் இருந்தவை ஒரு கல், ஒரு கயிறு, ஒரு வலைக்கூடை. கல் பத்து முதல் இருபது கிலோ வரை இருக்கும். கல்லோடு இணைந்த கயிற்று வளையத்தில் பாதத்தை நுழைத்துக்கொண்டு, மூச்சை இழுத்துப் பிடித்து, அதன் கனத்திலேயே தரையை அடைவார்கள். அடைந்ததும் காலை விடுவித்துக்கொள்வார்கள். படகில் இருக்கும் துணையாள் கல்லை உடனே மேலே இழுத்துவிடுவார். குளிப்பவர் ஒரு நிமிடமோ அதற்குச் சற்று மேலோ சிப்பிகளைக் கூடையில் வாரிப் போட்டுவிட்டுக் கயிற்றை அசைப்பார். அவரையும் மேலே இழுப்பார்கள். ஒரே கல்லை இருவர் மாறிமாறிப் பயன்படுத்துவது வழக்கம்.

இம்முறையில் நான் கவனிப்பது ஒன்றைத்தான். கல்லின் தேவை இறங்குவதோடு முடிந்துவிடுகிறது. வேலை செய்யும் நேரத்தில் அந்தக் கனம் அவர் உடலில் இல்லை. ஆகவே அதை ஈடுகட்ட வேறெதுவும் தேவைப்படவில்லை. சிலிண்டரோடு இறங்கும் இன்றைய முக்குளிப்பவரோ இறங்கும்போது கட்டிய ஈயத்தை ஏறும்வரை சுமக்கிறார். நீரின் ஆழம் மாறும்போதும் சிலிண்டரின் காற்று குறையும்போதும் அவருடைய சமநிலை மாறுகிறது; ஈயம் மாறுவதில்லை. அந்த இடைவெளியை நிரப்புவதற்காக வந்ததுதான் காற்றுப்பை.

அது வந்ததும் தாமதமாகத்தான். ழாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் தங்கள் சுவாசக் கருவியை உருவாக்கியது 1943இல். பிரான்சின் மோரிஸ் ஃபென்ஸி, கழுத்தில் மாட்டிக் காற்றடைக்கும் அங்கியைக் கொண்டுவந்தது 1961இல். கைகளை நுழைத்து அணியும் இன்றைய சட்டை வடிவத்தை ஸ்கூபாப்ரோ நிறுவனம் 1971இல் சந்தைப்படுத்தியது. ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் 1956இல் திருகோணமலையின் சுவாமி மலையடியில் இறங்கி, போர்த்துகீசியர் இடித்த கோணேசர் கோயிலின் சிதைவுகளைக் கண்டபோது, இவற்றில் எதுவும் சந்தைக்கு வந்திருக்கவில்லை. முக்குளிப்பில் கிளார்க்கை ஈர்த்தது எடையின்மைதான். விண்வெளிப் பயணியின் அனுபவத்துக்குப் பூமியில் மிக நெருங்கியது அதுவே என்று அவர் கருதினார். அந்தத் தலைமுறையினர் எடையின்மையை அடைந்தது சரியான அளவு ஈயத்தாலும் தங்கள் நுரையீரலாலும். வெதுவெதுப்பான கடலில் அது சாத்தியமாயிற்று என்பது நம் கேள்விக்கு நேரடித் தொடர்புள்ள செய்தி.

ஏன் சாத்தியமாயிற்று என்பதைச் சிறு கணக்கால் விளக்கலாம். கணக்கைக் கண்டு இலக்கிய வாசகர்கள் அஞ்ச வேண்டியதில்லை, கூட்டல் மட்டும்தான். பூம்புகாருக்கு அப்பால் கரையிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில், 23 மீட்டர் ஆழத்தில், குதிரைலாட வடிவில் ஒரு கட்டுமானம் இருப்பதைக் கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தினர் 1990களின் தொடக்கத்தில் ஆராய்ந்தார்கள். அந்த ஆழத்தையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள நியோப்ரீன் உடை அணிந்து, பரவலாகப் புழங்கும் 11 லிட்டர் அலுமினியச் சிலிண்டருடன் இறங்குகிறார்.

முதலாவது, காற்றின் எடை. நிரம்பிய சிலிண்டரில் இருக்கும் காற்று சுமார் இரண்டரைக் கிலோ. 200 பார் அழுத்தத்தில் தொடங்கி 50 பாரில் மேலேறினால் ஏறத்தாழ 2 கிலோ காற்று செலவாகியிருக்கும். முடிவில் சரியாகச் சமநிலையில் இருக்க வேண்டியவர், தொடக்கத்தில் 2 கிலோ கனமாக இருந்தாக வேண்டும். இரண்டாவது, உடையின் சுருக்கம். நியோப்ரீனில் உள்ள நுண்குமிழ்களே உடலை மிதக்கச் செய்கின்றன. மெல்லிய உடைக்கு அந்த மிதப்பு 2 முதல் 3 கிலோ. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 23 மீட்டரில் மேற்பரப்பைப் போல 3.3 மடங்கு. குமிழ்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கும். உடை தன் மிதப்பில் சுமார் 2 கிலோவை இழக்கும். இரண்டையும் கூட்டினால் 4 கிலோ. அடியில் அங்கி தூக்க வேண்டியது அவ்வளவுதான்.

மேற்பரப்பில் தேவை சற்றுக் கூடும். படகுக்காகக் காத்திருக்கும்போது தலை நீருக்கு மேலே இருக்க வேண்டும். தலைக்கென்று 5 கிலோ, காற்றின் எடைக்கு 2 கிலோ, ஆக 7 கிலோ. இதற்கு மேல் ஒரு பாதி சேர்த்துக்கொண்டாலும் 10 அல்லது 11 கிலோ தூக்குதிறன் உள்ள காற்றுப்பை போதுமானது. வழக்கமான சட்டை வடிவ அங்கிகளோ 15, 20 கிலோவும் அதற்கு மேலும் தூக்கும். தடித்த உடை அணிந்து குளிர்ந்த நீரில் இறங்குகிறவர்களுக்கு அது வேண்டும். அந்த உடையின் மிதப்பும், அதை அடக்கத் தேவைப்படும் ஈயமும், ஆழத்தில் அது இழக்கும் மிதப்பும் எல்லாமே பெரிய எண்கள். ஆண்டின் பெரும்பகுதி 26 முதல் 30 பாகை வரை வெப்பம் இருக்கும் நம் கடலில் அந்த எண்களுக்கு இடமில்லை.

அப்படியிருந்தும் முக்குளிப்பவர்கள் பலர், காற்றுப்பையை முக்கால்வாசி நிரப்பிக்கொண்டு கடலடியில் செங்குத்தாக நின்றபடி கால்களை உதைப்பதைப் பார்க்க முடிகிறது. காரணம் மிகை ஈயம். முதன்முறை இறங்குபவர் பதற்றத்தில் நெஞ்சு நிறையக் காற்றை வைத்துக்கொண்டிருப்பார், இறங்க மறுப்பார். அவசரத்திலிருக்கும் பயிற்றுநர் இன்னும் இரண்டு கட்டி ஈயத்தைச் சேர்த்துவிடுவார். அன்றைய வேலை நடந்துவிடுகிறது. ஆனால் மாணவர் அந்த எண்ணைத் தன் எடையாகவே நினைவில் வைத்துக்கொள்கிறார். அடுத்த பயணத்திலும் அதையே கேட்டு வாங்குகிறார். ஈயத்தால் நேர்ந்த பிழையைக் காற்றால் திருத்தும் பழக்கம் இப்படித்தான் தொடங்குகிறது. பெரிய காற்றுப்பைக்கான தேவையும் இங்கேதான் பிறக்கிறது.

இதன் விளைவு வெறும் அசௌகரியம் என்று எண்ண வேண்டாம். 4 கிலோ ஈயம் மிகையாக இருந்தால், அதை ஈடுகட்ட 4 லிட்டர் காற்று கூடுதலாக அங்கிக்குள் இருக்கும். 20 மீட்டரில் 4 லிட்டராக இருந்த அந்தக் காற்று, 10 மீட்டருக்கு வரும்போது 6 லிட்டராகும்; 5 மீட்டரில் 8 லிட்டர். கவனிக்காமல் சற்று மேலே வந்தாலே உடல் தானாக எழத் தொடங்கும். எழ எழக் காற்று விரியும், விரிய விரிய வேகம் கூடும். பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு அவ்வாறு மேலேறுபவரின் நுரையீரல் கிழிந்துவிடக்கூடும். காற்றுப்பை பழுதானால் நிலைமை எதிர்த் திசையில் மோசமாகும். மிகை ஈயத்தோடு நீந்தி மேலேறுவது கடினம். கீழே பவளப்பாறையும் இருக்கிறது. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரோ சென்டிமீட்டரோ வளரும் உயிர் அது. ஈயத்தின் கனத்தில் தாழ்ந்து தொங்கும் கால்களின் ஓர் உதை அதற்குப் பல ஆண்டு இழப்பு.

சிறிய காற்றுப்பையை நான் பரிந்துரைப்பதற்கு எடையையும் விலையையும் தாண்டிய காரணம் இதுதான். அது மிகை ஈயத்தை மன்னிக்காது. சரியான ஈயத்தோடு இறங்குபவருக்கு மட்டுமே அது ஒத்துழைக்கும்.

சரியான ஈயம் எது என்பதை அறியும் வழி எளியது. முக்குளிப்பின் முடிவில், சிலிண்டரில் 50 பார் எஞ்சியிருக்கும்போது, மேற்பரப்பில் நிமிர்ந்த நிலையில் அங்கியின் காற்று முழுவதையும் வெளியேற்றிவிட்டு, இயல்பான மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். நீர்மட்டம் கண்ணளவில் நின்று, மூச்சை விட்டதும் உடல் மெல்ல இறங்கினால் ஈயம் சரி. கல்லைப் போல உடனே அமிழ்ந்தால் மிகை. நிரம்பிய சிலிண்டரோடு இச்சோதனையைச் செய்தால், செலவாகப்போகும் காற்றுக்காக 2 கிலோ சேர்த்துக்கொள்ள வேண்டும். நீச்சல்குளத்தில் பார்த்த எண்ணும் கடலுக்கு ஒத்துவராது. கடல்நீர் நன்னீரைவிட 2.5 விழுக்காடு கனமானது. கருவிகளோடு சேர்த்து 100 லிட்டர் கனஅளவுள்ள ஒருவருக்கு, குளத்தைவிடக் கடலில் இரண்டரைக் கிலோ கூடுதல் ஈயம் வேண்டும்.

இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர் எவற்றைப் பார்க்க வேண்டும்? ஸ்கூபாப்ரோ, கிரெஸ்ஸி, மாரெஸ், அக்வாலங் போன்ற பெரிய நிறுவனங்கள் எல்லாமே பயணத்துக்கான அங்கிகளைச் செய்கின்றன. அவற்றின் எடை பொதுவாக 2 முதல் 3 கிலோ. வழக்கமான சட்டை வடிவம் 4 கிலோவைத் தொடும், தாண்டவும் செய்யும். உள்நாட்டு விமானங்கள் பெரும்பாலானவற்றில் சாதாரண வகுப்புப் பயணிக்கு 15 கிலோதான் அனுமதி என்னும்போது, அந்தமான் செல்பவருக்கு இந்த 2 கிலோ வேறுபாடு பெரிது.

ஆனால் எடையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. உள்ளே திணித்திருக்கும் மெத்தைகளைப் பாருங்கள். கடையில் இதமாகத் தோன்றும் தடித்த மெத்தை நீருக்குள் தானும் மிதக்கும். அதை அடக்க இன்னும் ஈயம் வேண்டும். காற்றை வெளியேற்றும் வால்வுகள் தோளில் ஒன்றும் இடுப்பின் பின்புறம் ஒன்றுமாவது இருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு அவற்றைக் கை எட்டுகிறதா என்று சோதித்துப் பாருங்கள். எடை குறைந்தவற்றில் சிலிண்டரைப் பிடிக்கும் பட்டை பெரும்பாலும் ஒன்றுதான்; அதை நனைத்துவிட்டு இறுக்காவிட்டால் நீருக்குள் தளர்ந்து சிலிண்டர் நழுவும். அவசரத்தில் ஒரே அசைவில் கழற்றி எறியும்படி ஈயத்தின் ஒரு பகுதியாவது இருப்பது அவசியம். காற்றுப்பை விலாவைச் சுற்றியிருக்கும் வடிவத்தைவிட முதுகுப்புறம் மட்டும் இருக்கும் வடிவத்தையே நான் விரும்புகிறேன். நீருக்குள் அது உடலைக் கிடையாக வைக்கிறது. நிரப்பினாலும் நெஞ்சை நெருக்குவதில்லை. மேற்பரப்பில் அளவுக்கு மீறி நிரப்பினால் முகத்தை முன்னே தள்ளும் குறை அதற்கு உண்டு. அளவோடு நிரப்புபவருக்கு அது தொல்லையில்லை.

முதுகுப்புற வடிவத்தை விரும்புவதற்கு நம் பகுதி சார்ந்த காரணமும் ஒன்று இருக்கிறது. அதன் உறுப்புகள் மூன்றே: முதுகுத் தகடு, உடலில் கட்டும் நைலான் நாடா, காற்றுப்பை. தகடு என்பது 3 மில்லிமீட்டர் அலுமினியத்தில் வெட்டி, முதுகுக்கு ஏற்ப இரண்டிடத்தில் மடித்து, நாடா நுழையவும் சிலிண்டர் பட்டை நுழையவும் துளையிட்ட ஒரு பலகை. காற்றுப்பையைப் பொருத்தும் போல்ட் துளைகளுக்கு இடையே 11 அங்குலம் என்பது உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. இறக்குமதித் தகட்டுக்குக் கொடுக்கும் பணத்தை நினைத்தால், அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் வாழ்கிறோம் என்பதும் நினைவுக்கு வர வேண்டும். 1949இல் சைக்கிள் ஆலை வந்த நாள்முதல் தகடும் குழாயும் வளைத்துப் பழகிய ஊர் அது. லேசர் கட்டிங்கும் பெண்டிங்கும் செய்யும் எந்தப் பட்டறையிலும் இத்தகட்டைச் செய்துவிடலாம். எடை ஒரு கிலோவுக்கும் குறைவாகவே வரும். விளிம்புகளின் பிசிறை முற்றாக நீக்கச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் நாடாவை அறுத்துவிடும். எஃகில் செய்வதானால் 316 ரகமே கடலுக்குத் தாங்கும். எஃகுத் தகடு 2 கிலோவுக்கு மேல் போகும்; அந்த எடை ஈயத்தின் இடத்தை நிரப்பிக்கொள்ளும் என்பதால் புதுச்சேரிக்குக் காரில் போகிறவர்களுக்கு நல்லது. விமானம் ஏறுபவர் அலுமினியத்தை எடுத்துக்கொண்டு, ஈயத்தைப் போன இடத்தில் வாங்கிக்கொள்வதே முறை. நாடா, கொக்கி, வளையங்கள் எல்லாம் எளிதில் கிடைப்பவை. காற்றுப்பையையும் அதில் காற்றேற்றும் வால்வையும் மட்டும் தரச்சான்று பெற்றவையாகப் பார்த்து வாங்க வேண்டும். அவற்றில் சிக்கனமோ கைவேலையோ கூடாது.

சில மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். வாடகைக்கே கிடைக்கும்போது எதற்கு வாங்க வேண்டும் என்பது முதலாவது. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மட்டும் இறங்குபவர் வாங்க வேண்டியதில்லை. அவர் முதலில் தன் முகத்துக்குப் பொருந்தும் கண்ணாடியை வாங்கட்டும். தொடர்ந்து செல்பவருக்குத் தன் அங்கி வேண்டும். ஒவ்வொரு முறையும் வேறு அளவு, வேறு மெத்தை, வேறு இடத்தில் வால்வு என்றால் சமநிலை பழகுவதற்கே வழியில்லை. பிறரை மீட்க நேர்ந்தால் சிறிய காற்றுப்பை போதுமா என்பது இரண்டாவது. மீட்கும்போது முதலில் செய்வது ஈயத்தைக் கழற்றிவிடுவதுதான். 4 கிலோ ஈயம் போனதும் அவர் 4 கிலோ மிதப்பைப் பெற்றுவிடுகிறார். பின்னாளில் குளிர்ந்த கடலுக்குச் சென்றால் என்ன செய்வது என்பது மூன்றாவது. முதுகுத் தகடு உள்ளவர் காற்றுப்பையை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். இவற்றையும் மீறி, பெரிய சட்டை வடிவமே மனத்துக்குத் தைரியம் தருகிறது என்பவரிடம் வாதிட எனக்கு விருப்பமில்லை. அந்தத் தைரியம் சரியான ஈயத்தின் மேல் நிற்கிறதா என்று மட்டும் கேட்பேன்.

வாங்கியபின் பராமரிப்பும் வேண்டும். நம் காற்றின் ஈரத்தில் பூஞ்சை எளிதில் பிடிக்கும். ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் காற்றுப்பைக்குள்ளும் நன்னீர் ஊற்றிக் குலுக்கி வடித்து, பாதி காற்றோடு நிழலில் உலர்த்த வேண்டும். வீட்டுப் போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலாவது குடிநீரில் இருக்கட்டும். காற்றேற்றும் வால்வில் உப்புப் படிந்து அது திறந்தபடியே சிக்கிக்கொண்டால், மேலே சொன்ன கட்டுப்பாடற்ற ஏற்றம் நேர்ந்துவிடும்.

எனவே வாங்க நினைக்கும் நண்பர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கடைக்குப் போவதற்கு முன் இன்னும் ஒருமுறை வாடகை அங்கியிலேயே இறங்குங்கள். முடிவில் 50 பார் எஞ்சும்போது பயிற்றுநரின் துணையோடு கண்ணளவுச் சோதனையைச் செய்யுங்கள். ஈயம் மிகையென்று தெரிந்தால் அடுத்த முறை ஒரு கிலோ குறைத்து, 5 மீட்டரில் செய்யும் மூன்று நிமிட நிறுத்தத்தில் உடல் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கும் எண் கிடைத்ததும் அதை உங்கள் முக்குளிப்புக் குறிப்பேட்டில், அணிந்திருந்த உடையின் தடிமனோடும் சிலிண்டரின் வகையோடும் சேர்த்து எழுதிவையுங்கள். கடைக்காரர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அந்த எண்தான். அதைக் கேட்காமல் விலைப்பட்டியலை எடுத்து நீட்டுகிறவரிடம் வாங்க வேண்டாம்.